பதினோராவது மாடியில் தவில்

 

ஆடித் திருவிழா முடிஞ்சதுல இருந்து நிறைய பேர் எங்ககிட்ட ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீங்க. "மேளப் பிள்ளைங்க லெப்டாப் முன்னால நின்னு காத்துல கையை ஆட்டுதுங்களே, அதுக்குப் பேர் பயிற்சியா?" சிலர் சிரிச்சுக்கிட்டே கேட்டீங்க, சிலர் கோபமா. ஒரு அம்மா, "சாமி காரியத்துல விளையாட்டா தம்பி?"ன்னு கேட்டாங்க. அன்னதான வரிசையில நின்னுக்கிட்டு இதுக்குப் பதில் சொல்ல முடியல. அதான் இங்க எழுதுறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

எங்க குழுவுல இப்ப 14 பேர். பாதிப் பேர் பிரிக்பீல்ட்ஸ் சுத்து வட்டாரத்து அடுக்குமாடிப் பிள்ளைங்க. மீதி கிள்ளான். மண்டபம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைக்கும். கிள்ளான் பிள்ளைங்க கொம்யூட்டர் பிடிச்சு கேஎல் சென்ட்ரல்ல இறங்கி நடந்து வரணும். ஒரு வாரம் பரீட்சை, ஒரு வாரம் ரயில் தாமதம். அடுத்த தடவை வரும்போது போன வாரம் சொல்லிக்கொடுத்ததுல பாதி மறந்திருக்கும். தரையில உருமி மேளம் கத்துக்கிட்ட பழைய ஆளுங்களுக்குப் பின்னால ரப்பர் தோட்டமும் லயன் வீடும் இருந்துச்சு. எவ்வளவு தட்டினாலும் கேட்கிறவன் நம்ம ஆளுதான். இப்ப சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், தரைக்குக் கீழ ஒரு குடும்பம்.

எங்க தவில் பையன் ஒருத்தன், 12 வயசு, பதினோராவது மாடியில இருக்கான். ஒரு நாள் சாயங்காலம் கீழ் வீட்டு மக்சிக் மேல ஏறி வந்தாங்க. சண்டைக்கு இல்ல. அவங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம், ஆஸ்பத்திரியில இருந்து வந்து ரெண்டு வாரம்தான் ஆகுது. "பையன் எத்தனை மணிக்குத் தட்டுவான்னு சொன்னீங்கன்னா, அவன் முடிச்ச பிறகு மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறேன்"ன்னு கேட்டிருக்காங்க. திட்டியிருந்தாக்கூட பரவாயில்லையேன்னு பையனோட அப்பா எங்ககிட்ட சொன்னார். மறுநாளே தவிலைத் துணியில சுத்திக் கோயிலுக்குக் கொண்டுவந்து வெச்சுட்டார். பையன் ஒண்ணும் பேசல. ரெண்டு ஞாயிறு வரவும் இல்ல.

அதே நேரத்துல ஆடிக்கு ஏழு வாரம்தான் பாக்கி. பிள்ளைங்க தாளம் நிக்கல. நிர்வாகத்துல ஒருத்தர், "ரெக்கார்டிங்கை ஸ்பீக்கர்ல போட்டுடலாம், வம்பு இல்ல"ன்னு சொன்னார். அவர் மேல தப்பில்ல, கரகம் கிளம்பும்போது மேளம் தடுமாறினா பேச்சு அவருக்குத்தான். ஆனா ஒரு வருஷம் ஸ்பீக்கர் போட்டா அடுத்த வருஷம் மேளத்தை யார் கேட்பா? எங்களுக்கு அந்த பயம்.

எங்கள்ல கம்ப்யூட்டர் படிக்கிற தம்பி ஒருத்தன் இருக்கான். அவன்தான் இந்த கேமரா வேலையை ஆரம்பிச்சான். வெளிநாட்டுல ஏரோட்ரம்ஸ்னு ஒண்ணு வித்தாங்க. குச்சி முனையில வெளிச்சம் பட்டா பளிச்சுன்னு தெரியுற உருண்டை, எதிர்ல விளக்கு, பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த பழைய கேமரா. அது மேற்கத்திய டிரம் செட்டுக்காகச் செஞ்சது, நமக்கு ஒத்துவராது. தம்பி அதையே நம்ம தேவைக்கு மாத்தி யோசிச்சான். கூகிள் 2019-ல வெளியிட்ட மீடியாபைப் இலவசம். அது ஒரு கையில 21 புள்ளிகளைக் கண்டுபிடிச்சுப் பின்தொடரும். தவில்ல வலது கை விரலுக்கு அது போதும். இடது கைக் குச்சி முனையில பச்சை டேப் ஒட்டினோம், கேமரா அந்தப் பச்சையைப் பிடிக்கும். கை வேகமா இறங்கி நிக்கிற நொடியில சத்தம் வரும். சத்தம் யாரோடது? எங்க தவில் அண்ணன் மண்டபத்துல உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லா வாசிச்சுக் கொடுத்து நாங்களே பதிவு பண்ணது.

முதல் வாரம் ஒரே குழப்பம். புளூடூத் இயர்போன் போட்டா அடிச்சு முடிச்ச பிறகுதான் சத்தம் வருது. பிள்ளை அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்து இன்னும் மெதுவாகுது. ஒயர் இயர்போன் வாங்கினதும் பாதிப் பிரச்சனை தீர்ந்துச்சு. அப்புறம் வெளிச்சம். ஹால்ல ஒரே ஒரு டியூப்லைட் எரியுற வீட்டுல கேமராவுக்குக் கை வெறும் மங்கலாத்தான் தெரியும், மேசை விளக்கு ஒண்ணு வைக்கணும். சாதாரண கேமரா வினாடிக்கு 30 படம் எடுக்கும். வினாடிக்கு 10 அடி அடிச்சா ஒரு அடிக்கு 3 படம்தான், அதனால வேகமான இடத்துல ரெண்டு மூணு அடியை முழுங்கிடும். தீர்மானம் வேகமா வாசிச்சுப் பார்க்கவே முடியாது. ஒண்ணாம் காலத்துல, நிதானமா, கணக்கு தப்பாம அடிக்கத்தான் அது லாயக்கு.

சிரிக்காதீங்க, இன்னொண்ணும் நடந்துச்சு. பதினோராவது மாடிப் பையன் மறுபடி சேர்ந்து, ராத்திரி எட்டு மணிக்குச் சத்தமே இல்லாம பழகுறான்னு நாங்க பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தோம். மூணாம் நாள் மக்சிக் திரும்பவும் மேல வந்தாங்க. "மேளம் கேட்கல, யார் குதிக்கிறா?" பையன் காலால தாளம் போட்டிருக்கான்! இப்ப கால் கீழ மடிச்ச போர்வை இருக்கு.

சாமி காரியத்துல விளையாட்டான்னு கேட்ட அம்மாவுக்கு: தவிலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் பிள்ளைங்க உட்காருவாங்க. அந்தப் பழக்கத்துல ஒரு சின்னவன் லெப்டாப்பையும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். நாங்க தடுக்கல.

ஆனா இதை ரொம்பத் தூக்கிப் பேசவும் மாட்டோம். உருமிக்கு இது கொஞ்சமும் உதவல. உருமியோட வலது பக்கம் குச்சியால அடிக்கிறது, அதைக் கேமரா பிடிக்கும். இடது பக்கம் வளைஞ்ச குச்சியைத் தோல்ல அழுத்தித் தேய்க்கணும். அந்தத் தேய்ப்புலதான் உறுமல் வருது. எவ்வளவு அழுத்துறான்னு கேமராவுக்கு எப்படித் தெரியும்? தம்பி ஒரு மாசம் முட்டி மோதிப் பார்த்துட்டு விட்டுட்டான். அம்மன் முன்னால அருள் வர்றது அந்த உறுமலுக்குத்தான்னு நம்புறவங்க நாம.

பிரிக்பீல்ட்ஸ்ல பார்வையற்றோர் சங்கம் இருக்குறது உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்துல இருந்து வெள்ளிக்கிழமை தவறாம ஒரு அங்கிள் வருவார், கண் தெரியாது, காது ரொம்பக் கூர்மை. அவர் காதுல இயர்போனை வெச்சு, பையன் காத்துல வாசிக்கிறதைக் கேட்க வெச்சோம். கொஞ்ச நேரம் தலையாட்டினார். அப்புறம், "கணக்கு சரியா இருக்கு. ஆனா எல்லா 'தொம்'மும் ஒரே 'தொம்'மா இருக்குதேப்பா. இவனுக்குக் கை வலிக்குதா இல்லையா?"ன்னு கேட்டார்.

அது எங்களுக்கு அடுத்த ஞாயிறே புரிஞ்சுச்சு. பையன் விரல்ல கூடு மாட்டி நிஜத் தவில்ல உட்கார்ந்தான். கணக்கு அப்படியே நின்னுச்சு, ஒரு சொல்கூட மாறல. சத்தம்தான் இல்ல. காத்துல குச்சி திரும்பாது, தோல்ல திரும்பி எகிறும். குச்சி கையை விட்டுப் போய் உண்டியல் பக்கம் விழுந்துச்சு. பையன் கண்ணு கலங்கிடுச்சு. தவில் அண்ணன் குச்சியை எடுத்துக் கொடுத்து, "உனக்குப் பாடம் வந்துடுச்சுடா. இனி பலம்தான் வரணும், அதுக்கு நாலு ஞாயிறு போதும்"ன்னார். அவருக்கு முதல்ல இந்த லெப்டாப் பிடிக்கவே பிடிக்காது. "வாயால சொல்லி, தொடையில தட்டிப் பழகினவங்க நாங்க, அதுவும் சத்தமில்லாத பயிற்சிதான்"னு வாதாடினவர். அவர் சொன்னதும் நியாயம்தான். இப்ப பிள்ளைங்க முதல்ல சொல்லைச் சொல்லணும், அப்புறம்தான் கேமராவைத் திறக்கணும்னு வெச்சிருக்கோம்.

ஆடி அன்னிக்கு ஸ்பீக்கர் போடல. உருமி ரெண்டும் பெரியவங்க கையில. தவில்ல பிள்ளைங்க நாலு பேர். முதல் சுத்துல சத்தம் மெலிசாத்தான் இருந்துச்சு, பின்னால நின்னவங்க கவனிச்சிருப்பீங்க. தாளம் மட்டும் உடையல. கரகம் வாசலைத் தாண்டும்போது அங்கிள் பக்கத்துல இருந்தவர்கிட்ட, "அந்த இடது ஓரத்துத் தவில் யாரு?"ன்னு கேட்டிருக்கார். பையன்கிட்ட அதை நாங்க இன்னும் சொல்லல. இந்தப் பதிவுல படிச்சுக்கட்டும்.

ஞாயிறு காலை 10 மணிக்குப் பயிற்சி வழக்கம்போல. ஒயர் இயர்போன், பழைய வெப்கேம், மேசை விளக்கு யார் வீட்டுலயாவது சும்மா கிடந்தா கோயில் அலுவலகத்துல கொடுங்க. உருமி தெரிஞ்ச பெரியவங்க யாராவது கிள்ளான் பக்கம் இருந்தா, தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுக்கு எங்ககிட்ட கேமரா வழி இல்ல.