பிஸ்டலுக்குள் ஒரு இறப்பர் வளையம்



மூதூரிலிருந்து தினமும் சம்பூருக்குப் படிப்பிக்கப் போய்வரும் ஆசிரியர்கள் நாங்கள். போன கிழமை தரம் 10 விஞ்ஞானத்தில் உந்தம் பற்றிய பாடம். ரவை முன்னால் பாய்ந்தால் துப்பாக்கி பின்னால் உதைக்கும் என்பது இந்தப் பாடத்துக்கு வழமையான உதாரணம். சொல்லி முடிக்கவில்லை, பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினான்.

"சேர், பிஸ்டலுக்குள்ள ஒரு இறப்பர் வளையம் போட்டா உதை குறையுமாம். போன்ல பார்த்தன். அது போடத்தான் வேணுமா?"

மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். ஆசிரியர் அறையில் இரண்டு கருத்து. "இந்த மண்ணில இந்தக் கதை எதுக்கு? வேற உதாரணம் சொல்லிட்டு விடுவம்" என்றார் ஒருவர். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாங்கள் சொல்லாவிட்டால் மிச்சத்தையும் போன்தான் சொல்லிக்கொடுக்கும். ஆகவே மறுநாள் பதில் சொன்னோம். பெற்றோரும் அறிந்திருக்கட்டும் என்று இங்கேயும் எழுதுகிறோம்.

அரைத் தானியங்கிப் பிஸ்டலைச் சுட்டதும் மேலிருக்கும் உருக்குப் பாகம் பின்னால் ஓடும். அதை சிலைட் என்பார்கள். அது வெற்றுக் கோதை வெளியே எறியும். பிறகு ஸ்பிரிங் அதை முன்னே தள்ள, அடுத்த ரவை ஏறும். பின்னால் ஓடி முடியும் இடத்தில் உருக்கு உருக்கோடு மோதுகிறது. அந்த இடத்தில் வைப்பதுதான் அந்த மெல்லிய வளையம். இறங்குதுறையில் பழைய டயர் கட்டுவதும் இதற்காகத்தான். வள்ளம் வரும் வேகம் அதேதான், ஆனால் நிற்க எடுக்கும் நேரம் கூடுவதால் முட்டும் விசை குறைகிறது.

சரி, போட வேண்டுமா? ஜோன் பிறவுணிங் வடிவமைத்து 1911இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட பிஸ்டலில் அப்படியொரு வளையமே இல்லை. அது 70 வருடத்துக்கு மேல் பாவனையில் இருந்தது. போடச் சொல்பவர்கள் உருக்குத் தேய்மானம் குறையும் என்கிறார்கள். வேண்டாம் என்பவர்களிடம் மூன்று காரணம் உண்டு. வளையத்தின் தடிப்பளவுக்கு சிலைட்டின் ஓட்டம் குறைகிறது. அதனால் சில பிஸ்டல்களில் கடைசி ரவை முடிந்ததும் சிலைட் பின்னால் பூட்டி நிற்பது பிழைக்கும். அடிபட்டு அடிபட்டு வளையம் பிய்ந்தால் துண்டுகள் உள்ளே சிக்கும். ஸ்பிரிங்கைக் காலத்துக்குக் காலம் மாற்றினாலே தேய்மானத்துக்குப் போதும் என்பது அவர்கள் கட்சி. எங்களுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. தேவையில்லை என்றே சொன்னோம்.

பிறகு கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். ரவை 15 கிராம், வேகம் செக்கனுக்கு 250 மீற்றர். உந்தம் 3.75. பிஸ்டல் 1.1 கிலோகிராம். அப்படியென்றால் அது செக்கனுக்கு ஏறக்குறைய 3.4 மீற்றர் வேகத்தில் பின்னால் வரும். வளையம் போட்டாலும் இந்த 3.75 மாறாது. அது கைக்கு வந்து சேரும் விதம்தான் கொஞ்சம் மாறும்.

அப்போது முன்வாங்கில் இருந்த பிள்ளை கேட்டாள்: "அப்ப படுற ஆளுக்கு எவ்வளவு, சேர்?"

அதே 3.75தான், மகள். சுடுகிறவருக்கு அது ஒரு கிலோவுக்கு மேற்பட்ட உருக்கின் ஊடாக, ஸ்பிரிங்கின் ஊடாக, உள்ளங்கை முழுக்கப் பரவி வருகிறது. படுகிறவருக்கு விரல் நுனியளவு இடத்தில் இறங்குகிறது. அந்தப் பக்கத்துக்கு வளையம் விற்கிற கடை எங்கும் இல்லை.

வகுப்பில் யாரும் பேசவில்லை. அவர்கள் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள். ஆனால் வீட்டில் கேட்ட கதை எல்லோரிடமும் இருக்கிறது. 2006 ஓகஸ்டில் மூதூரை விட்டுக் கந்தளாய்ப் பக்கம் போனவர்கள் நாங்கள். அதே வருடம் சம்பூரை விட்டுப் போனவர்கள் அவர்களின் பெற்றோர். அவர்கள் தங்கள் காணிக்குத் திரும்பத் தொடங்கவே 2015 ஆகிவிட்டது. எங்களில் யாரும் துப்பாக்கி பிடித்த கையின் வலியை அறிந்தவர்கள் அல்ல. மற்றப் பக்கத்தை இரண்டு ஊரும் அறியும்.

அதனால் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை இப்படிக் கேட்டால் ஏசி வாயை மூடாதீர்கள். எங்கே பார்த்தாய் என்று கேளுங்கள், கூட இருந்து பாருங்கள். பதிலை மற்றப் பக்கம் வரைக்கும் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். பற்றைக் காணியில் பழைய ரவையோ வேறு இரும்போ கண்டால் தொடாமல் பொலிஸுக்கு அறிவிக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி கேட்ட அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யுங்கள்.