ஞாயிற்றுக்கிழமை அப்பா

"என்ன ஸார், இந்த வாரமும் பொம்மையா?" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நேயர்களே, எனக்கு விவாகரத்தாகி மூன்று வருஷங்கள் ஆகின்றன. பிசகு யார் பேரில் என்று கேட்காதீர்கள். அது பெரிய கதை. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடந்தான் இருக்க வேண்டும் என்கிறது 1956-ம் வருஷத்து இந்து இளவர் காப்பாளர் சட்டம். என் பெண்ணுக்கு அப்போது வயது நான்கு. என் பங்குக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி முதல் ஆறு மணி வரை.

எட்டு மணி நேரம்! குழந்தையிடம் என்ன பேசுவது? "அப்பா, நீ ஏன் வீட்டுக்கு வருவதில்லை?" என்று கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில்தான் கரடி, ரயில், சைக்கிள் என்று வாங்கிக் குவித்தேன்.

போன மாதம் அவளை ஸ்கூட்டரில் மெரினாவுக்கு அழைத்துப் போனேன். பர்ஸை மறந்துவிட்டேன். கைபேசியோ உயிரை விட்டிருந்தது. சுண்டலுக்குக்கூட வழியில்லை. அசடு வழிய நின்றேன். அவளோ ஈர மணலைக் குவிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"இது அம்மா ரூம். இது என் ரூம்."

"எனக்கு?"

சற்று யோசித்தாள். வாசலில் ஒரு பிடி மணலை வைத்துத் தட்டினாள். "இது திண்ணை. நீ வந்தா இங்கே உட்காரலாம். நானும் வந்து உட்காருவேன்."

மூன்று முறை அலை அடித்துப் போயிற்று. மூன்று முறையும் திண்ணையை நான்தான் கட்டினேன்.

ஆறு மணிக்குக் கொண்டு விட்டபோது, "இன்று ஒன்றும் வாங்கவில்லையா?" என்றாள் அவள் தாயார்.

"அம்மா, காலெல்லாம் மணல்!" என்று கூவிக்கொண்டே குழந்தை உள்ளே ஓடினாள்.