வானத்து அரண்மனை

கல்லடிப் பழைய பாலத்தின்மீது மாலை வேளையில் சற்றே உலாவி வருவது நமக்கு நெடுநாளைய வழக்கம். 1924 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற அவ்விரும்புப் பாலம், 2013 ஆம் ஆண்டிலே பக்கத்தில் புதிய பாலம் அமைந்தபின், வாகனச் சுமை நீங்கப்பெற்று, ஓய்வுபெற்ற ஆசிரியரைப் போல வாவியின்மேல் அமைதியாக நின்றுகொண்டிருக்கின்றது. தூண்டில் போடுவோரும், காற்று வாங்குவோரும், நம்மைப் போல விடைத்தாள்களிடமிருந்து தப்பி வந்தோருமே இப்போது அதன் பயணிகள்.

2024 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22 ஆம் திகதி, திங்கட்கிழமை. மறுநாள் சித்திரா பௌர்ணமி. அன்னையை இழந்தோர் அன்று விரதமிருந்து, அவர் நினைவாகப் படையல் இடுவது நம்மவர் வழக்கம் என்பதை வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம் அன்னையார் மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. படையலுக்கு வேண்டிய மரக்கறிகளை ஒரு பையில் வாங்கிக்கொண்டு, வீடு செல்லுமுன் பாலத்தில் நின்றோம். நிறைவதற்கு ஒரு நாளே எஞ்சிய நிலவு கடற்பக்கத்தில் எழுந்திருந்தது.

அவ்வேளையிலே, இலண்டனில் வாழும் நம் தமையனாரிடமிருந்து கைத்தொலைபேசிக்கு ஒரு காணொளி வந்தது. பெருவிமானம் ஒன்று மும்பாய் விமான நிலையத்திலிருந்து மேலெழுகின்றது. எழுந்த சிறிது நேரத்தில் ஒரு பக்கச் சிறகைத் தாழ்த்துகின்றது, பின்பு மறுபக்கச் சிறகைத் தாழ்த்துகின்றது, அப்பால் போய்விடுகின்றது. காட்சி அவ்வளவுதான். நாம் அதனை இரண்டாம் முறை பார்த்து முடிக்குமுன் தொலைபேசி மணி ஒலித்தது.

"தம்பி, பார்த்தியா? கையசைச்சுப்போட்டுப் போகுது" என்றார். குரல் தழுதழுத்தது.

ஐம்பத்திரண்டு வயதான, இரு பிள்ளைகளுக்குத் தந்தையான, நாள் முழுதும் பிறர் கணக்குகளைச் சரிபார்க்கும் ஒரு மனிதர் ஓர் ஊர்திக்காகக் கண்கலங்குவதா என்று நமக்கு முதலிலே சிரிப்புத்தான் வந்தது. ஆயினும் சிரிக்கவில்லை, அவர் நமக்கு மூத்தவர்.

அவ்விமானம் எயார் இந்தியாவின் கடைசி ஜம்போக்களுள் ஒன்று. போயிங் 747-400 வகையைச் சேர்ந்தது. 'ஆக்ரா' என்பது அதன் பெயர். எஞ்சியிருந்த நான்கு ஜம்போக்களும் 2021 ஆம் ஆண்டுக்குப் பின் பயணிகளை ஏற்றாமல் மும்பாயிலே நின்றன. பின்னர் நான்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டன. அன்று புறப்பட்ட விமானம் அமெரிக்காவை அடைந்ததும் உறுப்புறுப்பாகக் கழற்றப்படும் என்பதே செய்தி. இதனை அறிந்த விமானிகள், கீழே நின்று பார்ப்போருக்கு விடைகூறும் பாவனையிலே சிறகை அசைத்துச் சென்றார்கள்.

கீழே நிற்போர் என்று ஒரு கூட்டம் உலகெங்கும் உண்டு. விமான நிலையங்களின் வேலியோரங்களிலே, கையிற் புகைப்படக் கருவியும் குறிப்பேடுமாக, வெயிலென்றும் மழையென்றும் பாராமல் அவர்கள் நிற்பார்கள். வால்புறத்தில் எழுதியிருக்கும் எழுத்துகளைக் கொண்டே ஒரு விமானத்தின் வயதையும் வரலாற்றையும் சொல்லிவிடுவார்கள். நம் தமையனாரும் அவர்களுள் ஒருவர். 2020 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 8 ஆம் திகதி, பிரித்தானிய விமான நிறுவனத்தின் கடைசி ஜம்போக்கள் இரண்டும் ஹீத்ரோவிலிருந்து ஒருங்கே விடைபெற்றன. மூட்டமும் மழையுமாயிருந்த அக்காலை வேளையிலே, பெருந்தொற்றுக் காலத்து முகக்கவசத்துடன், குடையின்கீழ் நின்று அதனைக் கண்டவர் அவர். அப்பொழுதும் நமக்கு ஒரு காணொளி வந்தது. அப்பொழுது நாம் எதையும் கேட்கவில்லை.

இம்முறை கேட்டுவிட்டோம். கேட்டமைக்குக் காரணம் உண்டு.

நம் தலைமுறையினர் இவ்வூரிலே விமானத்தைக் கண்ணால் அறியுமுன் காதால் அறிந்தோம். வாவிக்கு மேற்கே 1958 ஆம் ஆண்டு தொடக்கம் விமான நிலையம் ஒன்று உண்டெனினும், எயார் சிலோன் காலத்து மனிதர்கள் அங்கே கோட்டும் தொப்பியுமாக இறங்கிய கதைகளை முதியோர் வாயிலாகக் கேட்டோமேயன்றி, நாம் கண்டது வேறு. வானிலே ஓசை எழுந்தால், உலையிலிருந்து பானையை இறக்கி வைத்துவிட்டு, அன்னையார் நம்மிருவரையும் இழுத்துக்கொண்டு தென்னைமரக் குற்றிகளால் மூடிய பதுங்குகுழிக்குள் இறங்குவார். ஈர மண்ணின் மணமும், அவர் கையிலிருந்த வெங்காய மணமும், மேலே வட்டமிடும் ஓசையும் ஒன்றாகவே நம் நினைவில் படிந்துள்ளன. இன்றும் உயரத்தில் ஏதேனும் இரைந்தால் வகுப்பறையில் நம் வாய் ஒரு கணம் நின்றுவிடுகின்றது. மாணாக்கர்க்கு அது விளங்குவதில்லை; விளங்க வேண்டியதுமில்லை.

அதே குழிக்குள் நம் கையைப் பற்றிக்கொண்டிருந்தவர்தாமே இவரும்! அவருக்கு மட்டும் இந்தக் காதல் எங்ஙனம் வந்தது?

1991 ஆம் ஆண்டிலே, இலண்டனிற் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்து, தமையனார் ஊரைவிட்டுப் புறப்பட்டார். அவருக்கு வயது பத்தொன்பது, நமக்குப் பதினொன்று. அன்னையாரின் காப்பு இரண்டும் பயணச்சீட்டாக மாறின. கொழும்பு, சென்னை, பம்பாய் என்று அலைந்து, ஆறு வாரங்களுக்குப் பின் அவரிடமிருந்து ஒரு தபால் வந்தது. கடிதத்துடன், விமானத்திலே பயணிகளுக்குக் கொடுத்த வண்ணப்பட அட்டை ஒன்றும் இருந்தது. முதுகிலே திமில் கொண்ட எயார் இந்தியா ஜம்போ. அதன் சாளரம் ஒவ்வொன்றைச் சுற்றியும் இராஜஸ்தானத்து மாளிகைகளில் உள்ளதுபோன்ற வளைவு செந்நிறத்தில் தீட்டப்பட்டிருந்தது. தம் ஜம்போக்களை 'வானத்து அரண்மனை' என்றே அந்நிறுவனத்தார் விளம்பரம் செய்துவந்தார்கள். 1971 ஆம் ஆண்டிலே வந்த முதல் விமானத்துக்கு 'அசோகச் சக்கரவர்த்தி' என்று பெயர். தொடர்ந்து வந்தவற்றுள் 'இராஜேந்திர சோழன்' ஒன்று, 'மகேந்திரவர்மன்' ஒன்று. கடல் கடந்து கடாரம் சென்ற சோழன் பெயரை வானம் கடக்கும் கலத்துக்கு இட்டவர் யாராயினும், அவர் வரலாறு படித்தவராகத்தான் இருக்க வேண்டும். 1990களிலே வாங்கிய 747-400 விமானங்களுக்கு ஊர்ப்பெயர்கள் வந்தன. அவற்றுள் ஒன்று 'தஞ்சாவூர்'.

"படிக்கட்டு வைத்த மேல்மாடி ஒன்று உண்டு, அம்மா. ஏறிப் பார்க்க விடவில்லை" என்று கடிதத்தில் எழுதியிருந்தார்.

அன்னையார் அந்த அட்டையைச் சுவாமிப் படங்களின் வரிசையிலே, பிள்ளையாருக்கும் முருகனுக்கும் இடையில் வைத்துவிட்டார். வைத்ததோடு நில்லாமல், வெள்ளிதோறும் திருநீறும் இட்டார். கல்லடி வானின் வெகு உயரத்திலே வெண்கோடு இழுத்துக்கொண்டு ஏதேனும் சென்றால், முற்றத்தில் நின்று அண்ணாந்து, "போற இடமெல்லாம் நல்லா இருக்கட்டும், மனே" என்பார். வானத்து ஓசைக்குக் குழியில் இறங்கிய அதே மனுஷி! அவ்வரிசையிலே ஓர் உண்மையை மட்டும் நாம் அவரிடம் சொன்னதேயில்லை. முதல் ஜம்போவாகிய 'அசோகன்' 1978 ஆம் ஆண்டு புத்தாண்டு நாளிலே பம்பாய்க் கடலில் வீழ்ந்து 213 பேர் மாண்டார்கள். 'கனிஷ்கன்' 1985 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23 ஆம் திகதி அயர்லாந்துக் கரைக்கு அப்பால், கடலுக்கு மேலே வெடிகுண்டினாற் சிதறி 329 பேர் மாண்டார்கள். இவற்றைப் பின்னாளில் நூலகத்திலே படித்தோம். படித்துவிட்டு வீடு வந்தபோது, அட்டையின்மேல் திருநீறு புதிதாக இருந்தது.

2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நம் வீட்டைக் கொண்டுபோயிற்று. அயலிலே எத்தனையோ பேர் உயிரிழந்த அந்நாளில் நாங்கள் உயிர் தப்பியதே பெரிது. பிள்ளையாரும் போனார், முருகனும் போனார், இடையிலிருந்த அட்டையும் போயிற்று. சில மாதங்கள் கழித்து அன்னையார் ஒருநாள் கேட்டது மற்றெதையும் அன்று: "அந்தப் பிளேன் படம் இன்னொண்டு எடுக்கேலாதா?" என்றுதான். எங்கே எடுப்பது?

நிற்க. ஜம்போ என்னும் அந்தப் படைப்பைப் பற்றியும் சிறிது சொல்லாமல் மேலே செல்லலாகாது. ஜோ சட்டர் என்னும் பொறியியலாளரின் தலைமையிலே உருவான அது, 1969 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9 ஆம் திகதி முதன்முதலாகப் பறந்தது. மறு ஆண்டு ஜனவரியிலே நியூயோர்க்கிலிருந்து இலண்டனுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. அதன் திமிலுக்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. ஒலியை மிஞ்சும் விமானங்கள் விரைவிலே வந்து பயணிகளையெல்லாம் கொண்டுபோய்விடும், அப்பொழுது ஜம்போ வெறும் சரக்கு விமானமாகிவிடும் என்று அக்காலத்திலே கருதினார்கள். ஆகவே மூக்கையே மேலே திறந்து சரக்கேற்ற வசதியாக, விமானி அறையை மாடியில் வைத்தார்கள். நடந்ததோ வேறு. ஒலியை மிஞ்சிய கொன்கோர்ட் 2003 ஆம் ஆண்டிலே ஓய்ந்துபோயிற்று. ஜம்போவோ 1574 பிறந்து, அவற்றுள் கடைசி விமானம் 2023 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் திகதியன்றுதான் கையளிக்கப்பட்டது.

அதனை வீழ்த்தியது வேகமன்று; சிக்கனமே. முற்காலத்திலே இரண்டு இயந்திரம் கொண்ட விமானங்கள், இறங்கக்கூடிய நிலையம் ஒன்றிலிருந்து ஒரு மணி நேரப் பறப்புக்கு அப்பாற் செல்லலாகாது என்பது விதி. ஆதலால் பெருங்கடல்களை நேராகக் கடக்க நான்கு இயந்திரங்கள் வேண்டியிருந்தன. இயந்திரங்கள் நம்பத்தக்கனவாக வளர வளர, 1985 ஆம் ஆண்டிலே அவ்வெல்லை இரண்டு மணி நேரமாகவும், பின்னர் மூன்று மணி நேரமாகவும் நீண்டது. இரண்டே செய்யும் வேலைக்கு நான்கிற்கு எண்ணெய் ஊற்ற எந்த முதலாளி உடன்படுவான்? ஒரு ஜம்போவின் வயிறு கொள்ளும் எண்ணெய் இரண்டு இலட்சம் லீற்றருக்கும் மேல்! கணக்குப் பார்ப்பவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள். அக்கணக்கிலே நமக்குக் குறைகூற ஒன்றுமில்லை.

ஓய்ந்த விமானத்தை அப்படியே வைத்திருக்கலாமே என்று தோன்றும். முதலாவது ஜம்போ சியாட்டில் நகர அருங்காட்சியகத்திலே நிற்கின்றது. வேறு சிலவும் அங்குமிங்குமாகப் பிழைத்தன. ஆனால் எழுபது மீற்றர் நீளமுள்ள ஒன்றை எல்லோரும் எங்கே நிறுத்துவது? உடலைவிட உறுப்புகளுக்கே விலை அதிகம். இயந்திரங்கள், சக்கரத் தொகுதிகள், கருவிகள் யாவும் வேறு விமானங்களுக்குப் போகும். எஞ்சிய ஓடு உருக்கப்படும். இக்கரையிலே ஒரு மீனவர் பழுதுபட்ட தோணியை உடனே விறகாக்க மாட்டார். கரையிலே கவிழ்த்து வைத்துவிட்டு, சில காலம் அதன்மேல் அமர்ந்து வலை பொத்துவார். அந்த வசதி விமானத்துக்கு இல்லை.

இவற்றையெல்லாம் பாலத்திலே நின்றபடி தமையனார் நமக்குத் தொலைபேசி வழியே விரித்துரைத்தார். நாமோ நம் கேள்வியை விடவில்லை. "அண்ணன், சத்தம் கேட்டா நாம ரெண்டு பேரும் நடுங்கின ஆக்கள். உங்களுக்கு எப்படி?" என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை.

"பம்பாயில ஏறி இருந்தன். இயந்திரம் இரைஞ்சுது. பழக்கத்தில தலையைக் குனிஞ்சிட்டன். பக்கத்தில இருந்த வயசான அம்மா ஒருத்தி, நான் கும்பிடுறன் எண்டு நினைச்சுத் தானும் கும்பிட்டா. பிறகு மேல போனதும் நித்திரை வந்திட்டுது. ஒன்பது மணித்தியாலம், தம்பி. சாப்பாட்டுக்கும் எழும்பேல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில, மூண்டு வருசத்துக்குப் பிறகு, பயமில்லாமல் நித்திரை கொண்ட முதல் இரவு அதுதான்."

நம்மால் மறுமொழி கூற இயலவில்லை. கீழே ஒரு தோணி பாலத்தைக் கடந்து சென்றது. முழுநிலவுக் காலத்திலே பாடுமீன் இசை கேட்க இப்பாலத்தடிக்கு வருவோர் துடுப்பை நீரிலிட்டு மறுமுனையைக் காதில் வைப்பது வழக்கம். தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நாமும் ஏறத்தாழ அப்படித்தான் நின்றோம்.

"உனக்கு இன்னொண்டு அனுப்புறன், பார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வந்தது ஒரு நிழற்படம். அதே அட்டை! திமில் கொண்ட ஜம்போ, செந்நிறச் சாளர வளைவுகள், ஓரத்திலே சிறிது மஞ்சளித்த வானம். அன்றைக்கு விமானத்திலே இரண்டு அட்டைகள் எடுத்தாராம். ஒன்று அன்னையாருக்கு, மற்றொன்று தமக்கு. அன்னையார் 'இன்னொண்டு' கேட்டதை நாம் அவருக்கு எழுதியதேயில்லை. வீடிழந்த அவ்வேளையிலே அதுவும் ஒரு செய்தியா என்று விட்டுவிட்டோம். இப்போது அதனை எண்ணும்போது நம்மீதே நமக்குச் சினம் வருகின்றது. எழுதியிருந்தால் அவர் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

வீடு திரும்பும் வழியிலே கல்லடித் தெருவில் உள்ள பிரதியெடுக்கும் கடையொன்றில் அப்படத்தைத் தடித்த தாளில் அச்சிட்டுத் தரச் சொன்னோம். கடைப் பையன் கணினித் திரையிலே அதனைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"சேர், இந்தப் பிளேன் இப்பவும் ஓடுதா?"

"இது எப்பவோ போயிட்டுது. இதின்ட தம்பி இண்டைக்குத்தான் போனான்" என்றோம். பையன் நம்மை ஒருவிதமாகப் பார்த்துவிட்டு, ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் நண்பகலிலே அன்னையாரின் படத்தின்முன் படையல் இட்டோம். இலண்டனில் அப்போது காலை ஏழரை மணி இருக்கும். வேலைக்குப் புறப்படுமுன், தாமும் விரதமென்று கூறிய தமையனார், தொலைபேசியிலே படையலைக் காட்டச் சொன்னார். காட்டினோம். சோறு, கறிகள், வாழைப்பழம், விளக்கு, படம், அதற்குச் சற்றே தள்ளி அந்த விமானம்.

"அம்மாவுக்குக் கொஞ்சம் கிட்ட வை" என்றார்.

வைத்தோம்.