முகமும் முதுகும்

அரபு மொழியில் 'ஊது' என்பது பொருள் செறிந்த சொல். மரக்கட்டை என்பது அதன் முதற்பொருள். மணங்கமழும் அகிற்கட்டைக்கும் அதுவே பெயர். நாம் நாள்தோறும் கொளுத்தும் ஊதுவத்தியில் உள்ள 'ஊது' வாயால் ஊதுவதன்று, இந்த அரபுச் சொல்லே என்று சொன்னால் மாணவர்கள் இன்றும் வியக்கிறார்கள். மூன்றாவதாக, தந்திக் கருவி ஒன்றுக்கும் 'அல்ஊது' என்று பெயர். தோல் போர்த்த பழைய கருவிகளினின்றும் பிரித்தறிய, மரமுகம் கொண்ட இதனை 'மரம்' என்றே அழைத்தனர் என்பது அறிஞர் பலரின் விளக்கம். அச்சொல் ஸ்பெயினில் 'லாவூத்' ஆகி, ஆங்கிலத்தில் 'லூட்' ஆயிற்று. கிதாரின் பெயரோ கிரேக்கத்தில் பிறந்து, அரபியரின் 'கீதாரா' வழியே ஸ்பானியரை அடைந்தது.

மரத்தின் பெயரையே தாங்கிய இக்குடும்பத்தில் மரம் எவ்வளவு பேசுகிறது? இவ்வினாவை எழுப்பியவன் என் தமையனாரின் மகன். கிதார் பயில்பவன். ஈராண்டுச் சேமிப்போடு என்னிடமும் ஒரு பங்கு கேட்டு வந்தான். கடையில் அவன் பார்த்து வைத்தவை இரண்டு. இரண்டிற்கும் முகப்பலகை ஒரே வகை மரம்; முதுகும் விலாவும் ஒன்றில் மகாகனி, மற்றதில் ஈட்டி. ஈட்டிக்கு விலை ஏறத்தாழ இருமடங்கு. "ஈட்டியின் குரல்தான் ஆழமாம், சாச்சா. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றான். இசையில் எனக்குப் பயிற்சியில்லை. ஆயினும் 'எல்லாரும் சொல்கிறார்கள்' என்பதைச் சான்றாக ஏற்க மதரஸாவில் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று துருவுவதே அங்குப் பாடம். துருவிப் பார்த்தேன்.

தந்தி தானாக எழுப்பும் ஒலி மிகச் சிறிது. மெல்லிய கம்பி எவ்வளவு காற்றைத்தான் அசைத்துவிடும்? அதன் அதிர்வு குதிரை வழியே முகப்பலகையில் இறங்குகிறது. அகன்ற அப்பலகையே காற்றை அசைத்து நம் செவிக்கு ஒலியை அனுப்புகிறது. ஆகவே அது இலேசாக இருத்தல் வேண்டும். தந்திகளின் இழுப்புக்கு வளையாத விறைப்பும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தது, குளிர்நாட்டு ஊசியிலை மரமாகிய ஸ்ப்ரூஸ். ஈட்டியின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் அதற்கு. இழையோட்டத்தின் வழியே அதற்குள்ள விறைப்பு, குறுக்கே உள்ளதனினும் பத்து மடங்குக்குக் குறையாது. செடார் மரம் இன்னும் மென்மையானது. 1960களில் மாட்ரிட் நகரத்து மூன்றாம் ஹோஸே ராமிரெஸ் அதனைக் கிதாருக்கு முகமாக்கினார். செடாரின் குரல் கனிந்தது, விரைந்து எழுவது என்பர். ஸ்ப்ரூஸின் குரல் தெளிவுடையது என்பர். முகத்தின் மரம் மாறினால் குரலும் மாறும் என்பதில் கருவி செய்வோரிடையே பெரும் பிணக்கில்லை.

பிணக்கெல்லாம் முதுகைப் பற்றியது. இதனைத் தீர்க்க முனைந்தவர், இன்றைய கிதாரின் வடிவை நிலைநிறுத்திய அந்தோனியோ தே தோர்ரெஸ். அல்மேரியாவில் 1817இல் பிறந்த அத்தச்சர், 1862இல் ஒரு கிதாருக்கு முதுகும் விலாவும் காகித அட்டையால் செய்தார். முகப்பலகை மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ். அட்டையாலான உடலுடனும் கருவி பாடும் என்று காட்டவே அதைச் செய்தார். அக்கருவி இன்று பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூல் பல எழுதி வாதிட்டிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது!

மரத்தின் பெயர் மட்டும் போதாது என்பதை அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே ஓர் இசைஞர் உணர்ந்திருந்தார். 822இல் குர்துபா நகரை அடைந்த ஸிர்யாபைப் பற்றி மக்கரீ தமது வரலாற்று நூலில் ஒரு செய்தி தருகிறார். தம் ஆசானின் ஊதும் தம்முடைய ஊதும் ஒரே அளவு, ஒரே வகை மரம். எடை மட்டும் மூன்றிலொரு பங்கு வேறுபடும் என்று ஸிர்யாப் கலீபாவிடமே கூறினாராம். மரத்தை எவ்வளவு இழைப்பது என்பது கையின் கல்வி. ஊதின் மேற்பலகைக்கு அரபியர் இட்ட பெயர் 'வஜ்ஹு', அதாவது முகம், என்பதையும் இங்கு நினைத்துக்கொண்டேன்.

ஈட்டியின் புகழ் வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் கூடாது. ஈட்டிப் பலகை ஒன்றைத் தூக்கிப் பிடித்துத் தட்டினால் மணிபோல் கணீரென்று ஒலித்து, நெடுநேரம் நிற்கும். மகாகனி அவ்வளவு நேரம் பாடாது. கேட்டவர் மயங்குவது இயல்பே. ஆனால் தொங்கும் பலகை வேறு. ஒட்டப்பட்டு, வாசிப்பவரின் வயிற்றோடு அணைந்து கிடக்கும் முதுகு வேறு.

2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைச் சோதித்து வெளியிட்டனர். முதுகும் விலாவும் மட்டும் வேறு வேறு மரத்தாலான ஆறு கிதார்கள், மற்றெல்லாம் ஒன்றே. பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மகாகனி, மேப்பிள், சப்பெலி, வால்நட். மங்கலான ஒளியில், பற்றவைப்போர் அணியும் கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டி, 52 கிதார்க் கலைஞர்கள் வாசித்து மதிப்பிட்டனர். ஆறுக்கும் மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. விலையுயர்ந்த மரம் மேலோங்கவில்லை. கண் மூடியதும் காதின் உறுதி கரைந்துவிட்டது போலும்.

இதனை வெறும் கடைக் கணக்காக என்னால் எண்ண முடியவில்லை. பிரேசில் ஈட்டி அரிதாகிவிட, 1969இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறிற்று. நீலகிரி, வயநாடு, ஆனைமலைக் காடுகளின் மரம் மேனாட்டார் மடியில் ஏறியது இவ்வாறே. பிரேசில் ஈட்டியின் பன்னாட்டு வாணிபத்தை 1992இல் ஏறத்தாழ முழுமையாகத் தடுத்தனர். 2017இல் ஈட்டிப் பேரினம் முழுவதும் அனுமதிச் சீட்டுக்கு உட்பட்டது. 2019இல், பிரேசில் ஈட்டி நீங்கலாக, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்களித்தனர். அழகுக்காகவும், சூட்டில் வளைந்து கொடுக்கும் குணத்துக்காகவும் ஈட்டியை விரும்புவோர் விரும்பட்டும். தலைமுறைகள் தாண்டி முதிரும் ஒரு மரத்தை, சோதித்துப் பாராத செவிவழிச் செய்தியை நம்பி வீழ்த்துவது எனக்கு உறுத்துகிறது.

என் பங்கைத் தருவதற்கு முன் பையனுக்கு ஒன்று சொல்லியனுப்பினேன். முதுகைத் திருப்பிப் பார்க்குமுன், முகத்தின் ஒலித்துளை விளிம்பை உற்றுப் பார். மேலே தெரியும் இழைக்கோடுகள் பலகையின் கனத்தினூடே அப்படியே கீழிறங்கினால் அது ஒரே மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. அதன்பின் விலை கேள்.