அன்றிரவு நான் அனுப்பிய துண்டுச் சீட்டு

சென்ற பங்குனித் திருவிழாவின் மூன்றாம் நாள் இரவு, எங்கள் பகுதி முருகன் கோயில் திடலில் ஒரு மெல்லிசைக் கச்சேரி நிகழ்ந்தது. சென்னையினின்று ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து, மூன்று நாள் கப்பற்பயணம் செய்து, ஒன்பது பேர் கொண்ட குழு ஒன்று வந்திருந்தது. பழைய திரைப்பாடல்களை இசைத்தட்டில் உள்ளவாறே பாடிக் காட்டுவது அக்குழுவினரின் தொழில். பாடியவர்களைப் பற்றி எழுதுவது என் நோக்கமன்று. கேட்டவர்களைப் பற்றியும், கேட்டவர்களுள் ஒருவனாகிய நான் செய்த ஒரு பிழையைப் பற்றியுமே இங்கு எழுத விழைகின்றேன். நம் சங்கத்து அன்பர்கள் பலர் அன்று அத்திடலில் இருந்தனர். அவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. ஆயினும், ஊரை விட்டு வந்து பிள்ளைகளை வளர்க்கும் ஏனைய குடும்பத்தாருக்கு இது சிறிது பயன்படக் கூடும்.

முதலில் என் தந்தையாரைப் பற்றிக் கூற வேண்டும். இராமநாதபுரச் சீமையிலிருந்து 1964-ஆம் ஆண்டில், இருபது வயது இளைஞராகக் கப்பலேறி, சாலை போடும் வேலைக்காகப் போர்ட் பிளேர் வந்தவர் அவர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற இந்நகரை இன்றும் அவர் பழைய பெயராலேயே அழைக்கிறார். அவர் கொண்டு வந்த தகரப் பெட்டியில் இரண்டு வேட்டிகளும், திரைப்படக் கொட்டகை வாயிலில் காலணா, அரையணாவுக்கு வாங்கிய பாட்டுப் புத்தகங்களும் இருந்தன. பகலெல்லாம் கல் உடைத்துவிட்டு, இரவில் நண்பர் ஒருவரின் வானொலிப் பெட்டியில் சிற்றலை வழியே இலங்கை வானொலியைத் தேடிப் பிடித்துப் பாட்டுக் கேட்பாராம். அலை மங்கிப் போனால், விட்ட இடத்திலிருந்து தாமே பாடி முடிப்பாராம். எந்தப் பாட்டில் எங்கே புல்லாங்குழல் நுழையும், எங்கே வயலின் விலகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இத்தகைய தந்தைக்கு மகனாய்ப் பிறந்தமையால், பாட்டு என்றால் அது இசைத்தட்டில் உள்ளவாறுதான் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் எனக்கு இளமையிலேயே ஊன்றிவிட்டது.

இனிக் கச்சேரிக்கு வருவோம். முன்வரிசை ஜமுக்காளத்தில் முதியோர் அமர்ந்திருந்தனர். அவர்களுக்குப் பின்னே தாய்மார்களும் குழந்தைகளும். திடலின் கடைக்கோடியில், தேநீர்க் கடை விளக்கின் கீழ், இளைஞர் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. இடையிடையே நம் அண்டை வீட்டாராகிய வங்காளிகளும் தெலுங்கரும் மலையாளிகளும் ராஞ்சி மக்களும் இருந்தனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. அதில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு 15 பேர் அளவினரே. ஆகவே, நம் திடலில் நடக்கும் விழா நமக்கு மட்டும் உரியதாய் இருப்பதில்லை. அறிவிப்பும் ஒருமுறை தமிழிலும் ஒருமுறை இந்தியிலும் செய்யப்பெற்றது.

முதற்பாதி முழுவதும் முதியோருக்கே உரியதாயிற்று. முப்பது வயலின்கள் சேர்ந்து எழுப்பிய ஓசையை ஒரே கீபோர்டில் ஓர் இளைஞர் எழுப்பினார். தபேலாக்காரர் தட்டிய ஒவ்வொரு தட்டும் நாங்கள் அறிந்த தட்டே. "அச்சு அசல்!" என்று ஒருவர் உரக்கக் கூறினார். கச்சல் தீவிலிருந்து வந்து தம் மகள் வீட்டில் தங்கியிருந்த மூதாட்டி ஒருவர், பாசமலர் படத்துப் பாட்டொன்றை விரும்பிக் கேட்டார். அவர் இலங்கையின் மலைத்தோட்டத்தில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்துத் தாயகம் திரும்பியோருள் சில குடும்பங்கள் கச்சலின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அவற்றுள் ஒன்று அவருடைய குடும்பம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த கடல், அவருடைய வீட்டையும், வீட்டிலிருந்த ஒலிநாடாக்களையும், அவற்றைச் சேர்த்து வைத்த கணவரையும் கொண்டு போயிற்று. பாட்டுத் தொடங்கியதும் அம்மூதாட்டி கண்களை மூடிக்கொண்டார். முடிந்த பின்னும் திறக்கவில்லை. ஒரு சுரம் பிசகியிருந்தாலும் அவருக்கு அது வேறு பாட்டாகியிருக்கும்.

இரண்டாம் பாதியில், குழுவின் முதற்பாடகர் ஒலிபெருக்கி முன் வந்து, "ஒரே ஒரு பாட்டை மட்டும் எங்கள் போக்கில் இசைக்கிறோம். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்றார். முப்பது வயதுக்குள் இருக்கும், மதுரைக்காரர். அவர் எடுத்துக்கொண்டது, 1961-இல் வெளிவந்த பாவ மன்னிப்பு படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய பாட்டு. விசுவநாதன்–ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் சொல். காலம் செல்லச் செல்ல மாந்தர் இயல்பு வேறுபட்டதை எண்ணிப் பாடுவது. அதை அவர் பாதி விரைவில் தொடங்கினார். பல்லவி முடிந்ததும் கிதார் தனியே புறப்பட்டது. பிறகு டிரம்சும் கீபோர்டும் மாறி மாறி உரையாடத் தொடங்கின. மூன்று நிமிடம் சென்றது, ஐந்து நிமிடம் சென்றது, சரணம் வந்தபாடில்லை.

முன்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மற்றொருவர், "இதற்காகவா வசூல் செய்து கப்பற்கட்டணம் கொடுத்தோம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் விழாக்குழுவினருள் ஒருவன். என் தந்தையாரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்தவாறு அசையாமல் அமர்ந்திருந்தார். அவரும் வருந்துகிறார் என்று முடிவு செய்துகொண்டேன். உடனே ஒரு துண்டுச் சீட்டில், "முதியோர் மனம் வருந்துகின்றனர். இசைத்தட்டில் உள்ளவாறே பாடுக" என்று எழுதி, தொண்டர் ஒருவர் கையில் மேடைக்கு அனுப்பினேன்.

பாடகர் சீட்டைப் படித்தார். கையை உயர்த்தி இசையை நிறுத்தினார். எங்களை நோக்கிக் கைகூப்பி வணங்கிவிட்டு, அதே பாட்டை முதலிலிருந்து, பழைய விரைவில், ஒரு மயிரிழையும் பிசகாமற் பாடி முடித்தார். முன்வரிசை கைதட்டிற்று. கடைக்கோடியில் இளைஞர்கள் கூவினர். அப்பொழுதுதான் என் மகளைக் கண்டேன். பதினைந்து வயதினள், தோழியரோடு தேநீர்க் கடைப் பக்கம் நின்றவள், எப்பொழுது அங்கிருந்து வந்தாளோ, மேடைக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பாட்டு மாறியதும் திரும்பி நடந்து போய்விட்டாள்.

இங்கு ஒன்று சொல்ல வேண்டும். என் மகள் வீட்டில் தமிழ் பேசுவாள். பள்ளியிலும் தெருவிலும் இந்தியே பேசுவாள். தமிழ் எழுத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நம் இதழ் படிக்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் இதுவே நிலை என்பதை நான் மறைப்பானேன்? பழைய பாட்டுகளைப் போட்டால் எழுந்து அடுத்த அறைக்குச் செல்பவள், அன்றுதான் முதன்முறையாக ஒரு பழைய பாட்டை நோக்கி நடந்து வந்தாள். அவளைத் திருப்பி அனுப்பியது என் கையெழுத்து.

வீடு திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "ஏம்ப்பா நிறுத்தச் சொன்னீங்க? நல்லாத்தானே இருந்துச்சு."

"தாத்தாவுக்குப் பிடிக்கலம்மா" என்றேன்.

என் தந்தையார் நடையை நிறுத்தினார். "எனக்காகவா சீட்டு எழுதினாய்? நான் தாளத்தை எண்ணிக்கொண்டல்லவா இருந்தேன்! அந்தப் பையன் எட்டெட்டாகப் பிரித்து எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறான் என்று பார்ப்பதற்குள் நிறுத்திவிட்டாயே அப்பு" என்றார். சிறிது தூரம் நடந்தபின் மேலும் சொன்னார்: "சௌந்தரராஜன் பாட வந்தபோது என் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? பாகவதரைப் பார்த்துப் பாடுகிறான், பாகவதர் போல வராது என்றார். சாகும்வரை அதையேதான் சொன்னார்."

அவர் சொன்னது உண்மை. மதுரையில் 1922-இல் பிறந்த சௌந்தரராஜன், 1950-இல் வெளிவந்த கிருஷ்ண விஜயம் படத்தில் முதன்முதல் பாடியபோது, எம். கே. தியாகராஜ பாகவதரின் சாயலிலேயே பாடினார். பிறர் பாட்டைப் பாடிப் பழகிய பின்னரே தம் குரலைக் கண்டுகொண்டார். இளையராஜாவும் அவ்வாறே. 1958 முதல் தமையனார் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்றார், பின்னர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் வாசித்தார். 1976-இல் அன்னக்கிளி வந்தது. பிறர் மெட்டை அச்சாக வாசித்த விரல்களே பின்னாளில் புது மெட்டுகளை அமைத்தன. இவற்றையெல்லாம் நானும் படித்தவன்தான். ஆயினும் சீட்டு எழுதும்பொழுது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் குழுவினரை எங்கள் வீட்டில் விருந்துண்ண அழைத்தேன். நான்தான் சீட்டு எழுதியவன் என்பதையும் கூறினேன். பாடகர் சிரித்தார். "இது எங்களுக்குப் பழக்கம் ஐயா. அச்சாகப் பாடினால் இளைஞர்கள் எழுந்து போகிறார்கள். மாற்றிப் பாடினால் பெரியவர்கள் எழுந்து போகிறார்கள். அச்சாகப் பாடுவது எளிது என்று எண்ணாதீர்கள். ஒரு பாட்டை நாற்பது முறை கேட்டு, ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே எழுதிக்கொள்கிறோம். அப்படி உள்ளே புகுந்து பார்த்த பிறகு, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போமே என்று ஆசை வருகிறது. மரியாதைக் குறைவால் அல்ல" என்றார். எனக்கு மறுமொழி கூறத் தோன்றவில்லை.

இந்த வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டில் 'புரோகிரசிவ் ராக்' எனப்படும் ஓர் இசைவகை உண்டு. பாட்டு மூன்று நிமிடத்தில் முடிதல் வேண்டும் என்னும் விதியை அவ்விசையினர் ஏற்பதில்லை. ஜெனசிஸ் என்னும் ஆங்கிலக் குழு 1972-இல் வெளியிட்ட பாட்டு ஒன்று இருபது நிமிடத்திற்கும் மேல் நீளும். அக்குழுவின் பழைய நிகழ்ச்சிகளை உடை, ஒளி, அசைவு உட்பட அவ்வாறே நிகழ்த்திக் காட்டுவதற்கென்று, கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1993-இல் 'தி மியூசிகல் பாக்ஸ்' என்னும் குழு தோன்றியது. ஜெனசிசின் முன்னாள் பாடகர் பீட்டர் கேப்ரியேல், தந்தை அந்நாளில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பிள்ளைகள் காணட்டும் என்று, தம் மக்களை அழைத்துச் சென்று அந்நிகழ்ச்சியைப் பார்த்தார். அசலைப் பாடியவரே நகலைக் கண்டு சினக்கவில்லை. தம் பிள்ளைகளுக்குக் காட்டும் கண்ணாடியாக அதைக் கொண்டார். இச்செய்தியை அறிந்தபோது, கச்சல் தீவு மூதாட்டியின் மூடிய கண்கள் என் நினைவுக்கு வந்தன. நகலுக்கும் ஒரு பணி உண்டு. போனதைத் திரும்பக் காட்ட அது ஒன்றே வழி. ஆனால் என் மகளுக்குப் போனது ஒன்றும் இல்லை. வரவேண்டியதுதான் உண்டு. அவள் வரும் வழி வேறாகத்தான் இருக்கும்.

அண்டை வீட்டாரைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஜூலையில் இலண்டன் வெம்பிளியில் ஏ. ஆர். ரகுமான் நிகழ்த்திய கச்சேரியில், தமிழ்ப் பாட்டுகள் மிகுதி என்று கூறி இந்திப் பாட்டு விரும்பிகள் சிலர் எழுந்து சென்ற செய்தியை அனைவரும் அறிவோம். எங்கள் திடலில் ஒரு சொல்லும் விளங்காத வங்காளத்து அம்மையார் இறுதிவரை அமர்ந்திருந்தார். மறுநாள் காலை அவர் என் மனைவியிடம், நடுவில் நின்றுபோன அந்தப் பாட்டு என்ன ஆயிற்று என்று இந்தியில் கேட்டாராம்.

இரண்டு நாள் கழித்து நிகழ்ந்ததைக் கூறி முடிக்கிறேன். என் மகள் கைப்பேசியில் அப்பாட்டின் மூலத்தைத் தானே தேடிக் கேட்டாள். 2020-இல் சென்னையிலிருந்து கடலடியில் கம்பி வந்ததிலிருந்து, பாட்டுத் தேட நள்ளிரவுச் சிற்றலை தேவைப்படுவதில்லை. கேட்டவள் தாத்தாவிடம் சென்று மூன்று சொற்களுக்குப் பொருள் கேட்டாள். அவர் பொருள் சொல்லவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து, பழுப்பேறிய பாவ மன்னிப்பு பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, "நீயே படி" என்றார். ஒரு பக்கத்தைப் படிக்க அவளுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. நான் அடுத்த அறையில் இருந்தேன். எழுந்து வந்து திருத்தவில்லை.

வரும் ஆண்டுக் கச்சேரிக்கு விழாக்குழுவில் மூன்று யோசனைகளைக் கூறியிருக்கிறேன். முற்பாதி இசைத்தட்டில் உள்ளவாறு. பிற்பாதி பாடகர் விருப்பம்போல். பாடப்பெறும் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் பெரிதாக அச்சிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுப்பது. முதல் இரண்டிற்கும் சிறிது எதிர்ப்பு உண்டு. மூன்றாவதை யாரும் மறுக்கவில்லை. பாடகருக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினேன். பாதியில் நின்ற பாட்டை அடுத்த முறை முடித்துத் தருவதாகப் பதில் வந்திருக்கிறது. பாட்டுப் புத்தகத்தை எழுதிக் கொடுக்கும் பொறுப்பை என் மகள் ஏற்றிருக்கிறாள். பிழை திருத்த அவளுடைய தாத்தா இருக்கிறார். தங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய பாட்டுப் புத்தகங்கள் இருப்பின், நேயர்கள் அவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.