யா, தீடாக்

5 அக்டோபர் 2024, சனி. கிள்ளான்

அக்கா வீட்டுத் தொலைக்காட்சி டிகோடர் சாகக் கிடக்கிறது. திறந்த பத்தாவது நிமிடம் படம் உறைகிறது, தானே அணைகிறது, தானே எழுகிறது. அத்தான் புதுசு ஒன்று வாங்கி வைத்துவிட்டார். பழையதோடு அதில் செருகியிருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்கையும் சேர்த்துத் தூக்கிப்போடும் அவசரம் அவருக்கு. அம்மாதான் ஒயரைப் பிடுங்கி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுல உங்கப்பா இருக்காரு."

இருக்கிறார்தான். அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்மின் இரண்டாம் அலைவரிசையில் வந்த ஒரு தமிழ் நாடகத்தில் அப்பாவுக்குக் கோயில் காவலாளி வேஷம். மொத்தமே இரண்டு காட்சி. தோட்டத்து மேடைகளில் ராஜா வேஷம் கட்டியவருக்குத் தொலைக்காட்சி கொடுத்தது ஒரு டார்ச் லைட்டும் காக்கிச் சட்டையும். அவர் போன மறு வருஷம், 2021-இல், ஒரு ராத்திரி அதை மறு ஒளிபரப்புச் செய்தார்கள். அக்கா சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பதிவு செய்தாள். அதற்குப் பிறகு அம்மாவுக்கு அந்தப் பெட்டி வெறும் பெட்டி இல்லை.

19-ஆம் தேதி அம்மா என் வீட்டுக்கு வருகிறார், தீபாவளி நெருங்கும்வரை இருப்பார். அதற்குள் என் பெட்டியில் இது ஓட வேண்டுமாம். டிஸ்கைப் பூந்துவாலையில் சுற்றித் தந்தார், பலகாரம் கட்டித் தருகிற மாதிரி.

6 அக்டோபர், ஞாயிறு. பிரிக்பீல்ட்ஸ்

காலையில் கிள்ளான் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் ஏறினேன். தெங்கு கிளானா சாலையில் இப்போதே தீபாவளிக் கூட்டம், முறுக்கு வாசனை ஸ்டேஷன்வரை வருகிறது. ஷா ஆலாம், சுபாங் ஜெயா, பெட்டாலிங், பந்தாய் டாலாம், அப்புறம் ஆர்டிஎம் இருக்கும் அங்காசாபுரி. அப்பா நடித்த நாடகம் புறப்பட்ட இடத்தை அப்பாவைத் துவாலையில் சுற்றிக்கொண்டு கடந்து போகிறேன். 1963 டிசம்பர் 28-இல் அம்பாங் சாலை துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில் தொடங்கிய தொலைக்காட்சி, 1969-இல்தான் இந்த மேட்டுக்குக் குடிவந்தது. கதவு மூடி ரயில் நகர்ந்தபோது ஏனோ துவாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் டிகோடரில் செருகினேன். திரையில் மலாயில் ஒரு வரி: டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, செய்யவா? கீழே இரண்டு கட்டம். யா, ஆம். தீடாக், இல்லை.

மஞ்சள் பட்டை தானாகவே 'யா'வின் மேல் நிற்கிறது. வயதான கையோ குழந்தைக் கையோ ஓகே பொத்தானைத் தொட்டால் போதும். இந்தப் பட்டையை எந்தக் கட்டத்தின் மேல் நிறுத்துவது என்று யோசித்த ஆளிடம் எனக்கு இரண்டு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. அம்புப் பொத்தானை ஒருமுறை அமுக்கி, 'தீடாக்'குக்குப் போய், மூச்சை விட்டேன்.

8 அக்டோபர், செவ்வாய்

வேலை முடிந்து வரும் வழியில் துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் கடையில் காட்டினேன். பையன் லேப்டாப்பில் செருகினான். விண்டோஸும் அதே கேள்வியைத்தான் கேட்டது.

"காலி டிஸ்க்கா. போர்மட் போட்றலாம், அஞ்சு நிமிஷம்."

"காலி இல்ல தம்பி. மூணு வருஷமா பதிவு பண்ணது இருக்கு."

"சிஸ்டம் காலின்னுதான காட்டுது?"

காட்டவில்லை. ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்தலாம் என்றுதான் காட்டியது. இந்த இயந்திரங்களிடம் எனக்குப் பிடிக்காத குணம் இது. 'எனக்கு இந்த எழுத்துப் படிக்கத் தெரியாது' என்று சொன்னால் மரியாதை. அதைச் சொல்லாமல், அழித்துவிட்டு என் எழுத்தில் எழுதட்டுமா என்று கேட்கின்றன. கேட்கப்பட்டவர்களில் பாதிப் பேர் சரி என்கிறார்கள். டிஸ்கை அவன் கையிலிருந்து கிட்டத்தட்டப் பறித்தேன். பாவம், அவன் தப்பில்லை.

எங்கள் குடும்பத்துக்கு இது புதிதும் இல்லை. அக்காவின் சடங்கை விஎச்எஸ் கேசட்டில் எடுத்து வைத்திருந்தோம். அந்தக் கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே பதிவு செய்ய முடியாது. உடைத்தும் வைத்திருந்தார் அப்பா. 1992 மே 16, நெகாரா அரங்கத்தில் தாமஸ் கிண்ண இறுதி ஆட்டம். மாமாவுக்கு அவசரத்துக்குக் காலிக் கேசட் கிடைக்கவில்லை. உடைந்த பல்லின் மேல் செலோடேப் ஒட்டினார். ஒட்டினால் மறுபடி பதியும், அவ்வளவுதான் அந்தப் பாதுகாப்பு. மலேசியா 3–2 என்று இந்தோனேசியாவை வென்றது. வென்றதால் மாமாவை யாரும் திட்டவில்லை. அக்கா மட்டும் 32 வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள். ஆட்டம் முடிந்த பிறகு அந்தக் கேசட்டில் கடைசி நான்கு நிமிடம் அவள் பட்டுப்பாவாடையோடு நிற்பாள், தலையில் யாரோ மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள்.

பெரிய இடங்களிலும் செலோடேப் மாமாக்கள் உண்டு. வீடியோ டேப் விலை கூடின காலத்தில் பிபிசி தன் பழைய நிகழ்ச்சிகளை அழித்து அதே டேப்பில் புதியவற்றைப் பதிவு செய்தது. 'டாக்டர் ஹூ' தொடரில் மட்டும் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட பகுதிகள் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் ஒன்பது, 2013-இல் நைஜீரியாவிலிருந்து வந்தன. வெளிநாட்டுக்கு விற்று அனுப்பிய ஃபிலிம் பிரதிகள். லண்டனில் அழிந்தது ஜோஸ் நகரத்து நிலையத்தில் தூசியோடு இருந்திருக்கிறது. கிள்ளானில் இருந்தால் என்ன, ஜோஸில் இருந்தால் என்ன.

12 அக்டோபர், சனி

அக்கா மகன் ஷா ஆலாமிலிருந்து வந்தான். கல்லூரியில் கணினி படிக்கிறான். வந்ததும் "சின்னம்மா, பசியாறிட்டேன், நேரா வேலைக்குப் போவோம்" என்றான். இருந்தாலும் இரண்டு தோசை தின்றான்.

பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி என் லேப்டாப்பைத் திறந்தான். விண்டோஸ் படிக்க மறுத்த டிஸ்க் சாதுவாகத் திறந்துகொண்டது. அக்காவின் டிகோடர் உள்ளே லினக்ஸில்தான் ஓடுகிறது, தன் டிஸ்கைத் தன் வழக்கப்படி எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்திருக்கிறது. வரிசையாகப் பைல்கள், தேதியோடு. மூன்று வருஷத்துச் செய்திகள், பட்டிமன்றம், சமையல், பாதியில் நிறுத்திய படங்கள். அம்மாவின் ராத்திரிகள் முழுவதும் அங்கே இருக்கின்றன.

"பூட்டியிருக்கான்னு முதல்ல பார்க்கணும்" என்றான். ஒரு பைலைப் படமாகத் திறக்காமல் வெறும் எழுத்தும் எண்ணுமாகத் திறந்தான். தொலைக்காட்சி அலையில் வரும் ஓடை 188 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருமாம். ஒவ்வொன்றும் ஒரே குறியில்தான் தொடங்கும்: 47 என்ற பதினாறடிமான எண், எழுத்தாகக் காட்டினால் ஆங்கில 'ஜி'. திரையைச் சரியான அகலத்துக்கு இழுத்தான். இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஜி, ஜி, ஜி. பொட்டலம் தவறாமல் தாளம் விழுகிறது. அப்படியென்றால் பெட்டி பூட்டுப் போடவில்லை, வானத்தில் வந்தபடியே எழுதி வைத்திருக்கிறது.

ஆசையில் என் அலமாரியிலிருந்த இன்னொரு டிஸ்கையும் நீட்டினேன். முன்பு சந்தா கட்டி வைத்திருந்த செயற்கைக்கோள் தட்டுப் பெட்டியோடு ஓடியது. எந்த நிறுவனம் என்பதை விடுவோம், பெட்டியைத் திருப்பிக் கொடுத்து வருஷமாகிறது. அதில் ஓரத்தில் ஜி இல்லை. எங்கு பார்த்தாலும் கலைந்த எழுத்து. திறக்கும் வழி பெட்டிக்குள் இருந்த சாவியோடு போய்விட்டது. "இது சாமி வந்தாலும் திறக்காது" என்று மூடினான். அதில் நான் என்ன பதிவு செய்தேன் என்பதே மறந்துவிட்டது, துக்கமும் வரவில்லை.

அடுத்தது மாற்றி எழுதும் வேலை. லோயாட் கடைத்தொகுதியில் இருநூற்றுச் சொச்சம் வெள்ளிக்கு ஒரு டெரா டிஸ்க் வாங்கி வைத்திருந்தேன். என் டிகோடரில் செருகி, இந்த முறை தைரியமாக 'யா' அமுக்கினேன். பெட்டி அதை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்துகொண்டது. நாடகத்தை அதற்குள் நகலெடுக்கப் போனால் கம்ப்யூட்டர் மறுத்தது, பைல் பெரிது என்று. 1996-இல் வந்த முறை அது. ஒரு பைலின் அளவை எழுதி வைக்க 32 பிட் இடம்தான் ஒதுக்கினார்கள். அதனால் எந்தப் பைலும் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. துல்லியப் படம் நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 3.6 ஜிபி. எழுபது நிமிடத்தில் கதவு மூடிக்கொள்ளும். விளம்பரத்தோடு நாடகம் ஒன்றரை மணி நேரம்.

அக்கா மகன் ஒரு கதை சொன்னான், உண்மைக் கதை. விண்டோஸில் டிஸ்க் ஃபார்மட் செய்யும் சின்ன ஜன்னலை 1994 இறுதியில் எழுதியவர் டேவ் பிளம்மர். நல்ல முகப்பு வரும்வரை தற்காலிகமாக இருக்கட்டும் என்று ஒரு காலை நேரத்தில் எழுதி, ஃபேட் முறைக்கு உச்ச அளவு 32 ஜிபி என்று போட்டுவிட்டார். நல்ல முகப்பு வரவே இல்லை. முப்பது வருஷம் உலகமே அந்த 32-இல் முட்டிக்கொண்டிருந்தது. போன ஆகஸ்ட்டில்தான் சோதனைப் பதிப்பு ஒன்றில் அதை 2 டெராவாக ஆக்கியிருக்கிறார்கள், அதுவும் கட்டளை வரியில் மட்டும். ஜன்னலில் 32-ஐ அப்படியே விட்டுவிட்டார்கள். தற்காலிகம் என்று போட்ட தகரக் கூரைக்கடியில் மூன்று தலைமுறை இருந்த தோட்ட லயங்களைப் பார்த்தவர்கள் நாங்கள், எனக்கு ஆச்சரியமில்லை.

13 அக்டோபர், ஞாயிறு

புது டிஸ்கை மறுபடி அழித்து என்டிஎஃப்எஸ்-இல் ஃபார்மட் செய்தோம். என் பெட்டி அதில் பதிவு செய்யாது, ஆனால் படிக்கும். நகலெடுக்க 48 நிமிடம். பெட்டியின் பதிவுப் பட்டியலில் அது தெரியவில்லை. தான் எழுதாததைத் தன் பதிவு என்று அது ஒப்புக்கொள்வதில்லை. 'மீடியா' என்ற வேறு பக்கத்தில், போட்டோக்களுக்கும் பாட்டுகளுக்கும் நடுவில் கிடந்தது. போகட்டும்.

அப்பாவின் சாமான்களில் ஒரு 555 நோட்டும் இருந்தது. கடைக் கடன் எழுதும் அந்தச் சின்ன நோட்டில்தான் வசனம் எழுதிப் படிப்பார். அக்கா மகன் புரட்டினான். அவன் படித்தது தேசியப் பள்ளி. தமிழ் பேசுவான், எழுத்துத் தெரியாது.

"என்ன சின்னம்மா இது, கணக்கா?"

"தாத்தாவோட வசனம்."

"படிங்க."

படித்தேன். முதல் காட்சி இரண்டு பக்கம், இரண்டாவது ஐந்து பக்கம். ஓரத்தில் 'இங்கே இருமல்', 'டார்ச் கீழே' என்று சிவப்பு மையில். இருமல் வரும் இடத்தில் அவனே இருமினான்.

19 அக்டோபர், சனி

அம்மா வந்தார். சாப்பாடு முடிந்ததும் போட்டேன்.

ஆரம்பத்தில் வேறு நிகழ்ச்சியின் வால், சோப்பு விளம்பரம். தள்ளட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். விளம்பரத்தைப் பார்த்துத்தான் அது நோன்பு மாதம் என்று அவருக்கு ஞாபகம் வந்தது, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கஞ்சி கொடுத்தனுப்பின ராத்திரி. நாற்பதாவது நிமிடம் அப்பா வந்தார். டார்ச் அடித்து, "யாரது?" என்றார். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

இரண்டாவது காட்சி இல்லை. அன்று ஒளிபரப்பு தாமதமாகத் தொடங்கியிருக்கிறது. டைமர் சொன்ன நேரத்துக்கு நின்றுவிட்டது. கோயில் கதவு திறக்கும் இடத்தில் படம் அறுந்து, திரை பட்டியலுக்குத் திரும்பியது. நான் பதறிப்போய் டிஸ்கின் மற்ற பைல்களைத் தேட ஆரம்பித்தேன்.

"அது அப்பவே அவ்வளவுதான்" என்றார் அம்மா. மூன்று வருஷமாக அவருக்குத் தெரியும். "அதுக்கப்புறம் அவரு இருமுவாரு. பெரிய ஐயர் வருவாரு. இவரு விளக்கைக் கீழ வெப்பாரு." 555 நோட்டைப் பார்க்காமல் ஐந்து பக்கத்தையும் சொன்னார். இரண்டு இடத்தில் நோட்டில் இல்லாத வசனம் வந்தது. படப்பிடிப்பில் மாற்றினார்களோ, அம்மா மாற்றினாரோ.

26 அக்டோபர், சனி. கிள்ளான்

அம்மாவைக் கொண்டுவந்து விட்டேன். வாசலில் பச்சரிசி மாவும் சர்க்கரைப் பையுமாகக் கிடக்கிறது, வியாழக்கிழமை தீபாவளி. அக்காவுக்குப் புதுப் பெட்டியில் தீபாவளி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய வேண்டும், டிஸ்க் வேண்டும். பழைய 500 ஜிபிதான் இருக்கிறது. நகல் இரண்டு எடுத்தாகிவிட்டது, ஒன்று என்னிடம், ஒன்று அக்கா மகனிடம்.

செருகினாள். புதுப் பெட்டியும் அதே கேள்வியைக் கேட்டது. அக்கா ரிமோட்டை என்னிடம் நீட்டினாள். நான் அவள் மகனிடம் கொடுத்தேன். அவன் பாட்டியைப் பார்த்தான்.

"நல்லாப் பார்த்துட்டியா, எல்லாம் வந்துருச்சா?"

"வந்துருச்சு பாட்டி. இதுலயும் உடனே அழியாது. முகவரிப் பட்டியலைத்தான் மாத்தும். மேல எழுத எழுதத்தான் போகும்."

"அப்ப அமுக்கு."

'யா' நீலமானது. ஒரு பட்டை இடமிருந்து வலம் ஓடியது. நான்கு விநாடிகூட ஆகவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் அம்மா.

அக்கா ரிமோட்டை வாங்கி வியாழன் காலை ஏழு மணிக்கு டைமர் வைத்தாள். முடியும் நேரத்துக்கு மேல் அரை மணி கூட்டி வைக்கச் சொன்னேன். ஒரு மணியாகவே வைத்துவிட்டாள்.