கொழுந்து பறித்த விரல்களுக்கு ஒரு ரிமோட்

தொடுதிரையை உருவாக்கியவர்கள் கொழுந்து பறித்த விரல்களைக் கண்டிருக்க மாட்டார்கள். இன்றைய கையடக்கத் தொலைபேசித் திரை விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் பட்டதும் ஏற்படும் நுண்ணிய மின்மாற்றத்தையே உணர்கிறது. உலர்ந்து காய்ப்பேறிய விரல்நுனியைப் பல வேளைகளில் அது விரலாகவே மதிப்பதில்லை.

ஸ்பிரிங்வெளியில் வாழும் என் அம்மாவின் விரல்கள் அத்தகையவை. இலங்கை வானொலியின் பாடல்களோடு வளர்ந்த தலைமுறை அவருடையது. அவருக்காக 2012இல் அறிமுகமான ராஸ்பெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினியில் ஒரு பாட்டுப்பெட்டி அமைத்தோம். ஒலி துல்லியம். ஆனால் பாட்டை மாற்றத் தொலைபேசித் திரையைத் தொட வேண்டும். பேரப்பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்றுவிட்டால் பெட்டி ஊமையாகிவிடும். "பழைய ரேடியோவே போதும்பா" என்றார் அம்மா. தன் வீட்டில் ஒரு பாட்டுக் கேட்கவும் பிறர் தயவை நாடுவதா என்ற வருத்தம் அதில் இருந்தது.

அழுத்தும் பொத்தான்களுள்ள ரிமோட் ஒன்றே இதற்கு வழி. அதற்குத் தேவைப்படுவது மூன்று கால்களுள்ள ஒரு சிறிய அகச்சிவப்பு ஏற்பி மட்டுமே. ஒரு கால் மின்சாரத்துக்கு, ஒன்று நிலத்துக்கு, மற்றது சமிக்ஞைக்கு. மின்சாரத்தை 3.3 வோல்ட் முனையிலிருந்தே எடுக்க வேண்டும். 5 வோல்ட் கொடுத்தால் சமிக்ஞைக் கால் வழியாகக் கணினிக்கே கேடு நேரலாம். வழக்கமாக ஏற்பிக்கு ஒதுக்கப்படும் 18ஆம் இலக்க இணைப்பை எங்கள் ஒலிப்பலகை ஏற்கெனவே பயன்படுத்துவதால், 26ஆம் இலக்கத்தைத் தெரிவு செய்தேன். அதைக் கணினியின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக எழுதி, ஒவ்வொரு பொத்தானும் அனுப்பும் குறியீட்டை ஒரு கட்டளையோடு பொருத்தினால் வேலை முடிந்தது. கலைப் பட்டதாரிக்கும் கைகூடக்கூடிய காரியந்தான்.

லயத்து வாசலில் காலை வெயில் நேராக விழுமே, அதிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1955இல் அமெரிக்காவின் ஸெனித் நிறுவனத்தில் யூஜின் பொலி உருவாக்கிய ரிமோட் ஒளிக்கற்றையால் இயங்கியது. வெயில் பட்டாலே தொலைக்காட்சியில் அலைவரிசை மாறிவிடுமாம். இன்றைய ரிமோட்டின் ஒளியோ பெரும்பாலும் விநாடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கிறது. அந்தத் துடிப்பை மட்டுமே ஏற்பி ஏற்கும். சீராக எரியும் சூரியனை அது பொருட்படுத்தாது.

ஐந்து பொத்தான்களை மட்டும் விட்டு, மற்றவற்றைக் கறுப்பு ஒட்டுநாடாவால் மூடினேன்: பாடு, நிறுத்து, அடுத்தது, சத்தம் கூட, சத்தம் குறைய. எழுத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கொழுந்தைத் தடவி அறிந்த விரல்கள் பொத்தானையும் தடவியே அறிந்துகொண்டன.

இப்போது பாட்டை மாற்ற வேண்டுமென்றால் பேரப்பிள்ளைகள்தாம் அப்பாயியிடம் ரிமோட்டைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் எளிதில் கொடுப்பதில்லை.